கையறிவும் மெய்யறிவும்

குடும்பத் தலைவர் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்துவிட்டால், அவ்வில்லத்தில் மருந்தைவிட அறிவுரையே மிகுதியாக வந்து குவியும். வீரகேரளம்புதூரிலும் சுரண்டையிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் நன்கறிந்த நிலை இது. குற்றாலத்திலிருந்து எண்ணெய் வாங்கி வந்து நீவச் சொல்வார் ஒருவர். புறாவின் இரத்தத்தைத் தேய்த்தால் விழுந்த கை எழும் என்பார் மற்றொருவர். அசையாமல் கிடந்தால்தான் நரம்புக்கு வலுவேறும் என்பார் வேறொருவர். தென்காசிக்கு அழைத்துச் சென்று ‘கரண்ட்’ வைத்தால் போதும் என்பார் இன்னொருவர். அன்பினால் சொல்லப்படும் சொற்களே யாவும். எனினும் அனைத்தும் மெய்யாக இருத்தல் இயலாது.

இவர்களுக்கு நடுவே இயன்முறை மருத்துவர் வருகிறார். பிசியோதெரபிஸ்ட் என்று நாம் வழக்கில் குறிப்பிடுபவர் இவரே. ஒரு காலத்தில் இவரைக் காண்பதற்குப் பெருநகர மருத்துவமனைகளை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிய பின்னர், அவர் சிற்றூர் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கலானார். வரவேற்கத்தக்க மாற்றந்தான். ஆயினும் இல்லத்தார் உள்ளத்தில் புதியதொரு குழப்பமும் உடன் நுழைந்தது. ஒருவர், “கையைச் சும்மா விடாதீர்கள், நாள் முழுதும் பயிற்சி கொடுங்கள்” என்கிறார். மற்றொருவர், “அளவோடு செய்யுங்கள், களைப்படையச் செய்யாதீர்கள்” என்கிறார். ஒருவருக்கு மின்கருவியின்றிச் சிகிச்சையே இல்லை. மற்றொருவர் கருவியைத் தொடுவதே இல்லை. இருவரும் ஒரே பட்டப்படிப்பை முடித்தவர்கள். பின் ஏன் இந்த வேறுபாடு?

அவர்கள் எவ்வளவு படித்தனர் என்பது மட்டும் இதற்கு விடையாகாது. அறிவு என்பது யாது, அது எங்கிருந்து வருகிறது, எப்போது அதனை மாற்றிக்கொள்ளலாம் என்பன பற்றி ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு நம்பிக்கை உறைந்திருக்கிறது. பெரும்பாலும் அவரே அதனை எண்ணிப் பார்த்திரார். ஆனால் நோயாளியின் உடலைத் தொடும் அவருடைய கைகளை இயக்குவது அந்த நம்பிக்கையே. இத்திங்கள் அதனைக் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

மூவகை உள்ளங்கள்

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஆண்டுதோறும் சந்தித்து உரையாடி வந்த வில்லியம் பெரி என்னும் அறிஞர், தாம் கண்டவற்றை 1970 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கல்லூரியில் நுழையும்போது மாணவர் பலர், எல்லாக் கேள்விக்கும் சரியான விடை ஒன்றே உண்டு, அது ஆசிரியரிடம் இருக்கிறது என நம்பினர். ஆசிரியர்களே தமக்குள் மாறுபடுவதைக் கண்டபின், அவரவர்க்கு அவரவர் கருத்து என்னும் நிலைக்கு வந்தனர். அதனையும் கடந்து சென்றவர்கள், எல்லாக் கருத்தும் சமமல்ல, காரணங்களைச் சீர்தூக்கி ஒன்றை ஏற்க வேண்டும், அதனினும் வலிய காரணம் வந்தால் மாறவும் வேண்டும் என்று உணர்ந்தனர்.

இம்மூவகை உள்ளங்களும் மருத்துவத் தொழிலில் உண்டு. நம் பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். சுளகை மடியில் வைத்துக் காலை முதல் மாலை வரை குனிந்தமர்ந்து பீடி சுற்றும் தாய் ஒருத்திக்கு இடுப்பு வலி வருகிறது என வைத்துக்கொள்வோம்.

முதல் வகை உள்ளம் உடையவர், தம் ஆசிரியர் கற்பித்ததை அப்படியே கூறுவார். ஆசிரியர் பதினைந்து நாள் படுத்திருக்கச் சொல்லியிருந்தால், இவரும் பதினைந்து நாள் என்றே சொல்வார். படுத்திருந்தால் அந்தத் தாயின் கூலி என்னாகும் என்று கேட்கமாட்டார். ஏனெனில் அவரைப் பொறுத்தமட்டில் அறிவு முற்றுப்பெற்ற ஒன்று. அதனைச் சேதமின்றி ஒப்புவிப்பதே அவர் கடமை.

இரண்டாம் வகையினர், “என் இருபதாண்டு அனுபவத்தில் இந்தக் கருவிதான் பலன் தந்தது” என்பார். ஆய்வு ஒன்றைக் காட்டினால், “ஆய்வு ஆயிரம் சொல்லும், என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்” என்று ஒதுக்கிவிடுவார். அவருடைய கண்ணே அவருக்கு நீதிமன்றம். மேல்முறையீடு கிடையாது.

மூன்றாம் வகையினர் முதலில் கேட்பார்: “வலி எப்போது தொடங்கிற்று? காலுக்கு இறங்குகிறதா? எப்படி அமர்கிறீர்கள்? என்ன செய்ய முடியாமற் போனதுதான் உங்களுக்குப் பெரிய வருத்தம்?” பிறகு இத்தகைய வலியைப் பற்றி உலகில் கண்டறியப்பட்டது என்ன என்பதை நினைவிற் கொண்டுவருவார். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் 186 பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1995 இல் வெளிவந்தது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுத்திருந்தனர். ஒரு பகுதியினர் குறிப்பிட்ட முதுகுப் பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் பகுதியினரோ, வலி இடங்கொடுக்கும் அளவிற்குத் தம் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். விரைவாகத் தேறியவர்கள் இந்த மூன்றாம் பகுதியினரே. படுக்கையே மருந்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதற்கு மாறான முடிவு இது.

ஆதலால் மூன்றாமவர் அந்தத் தாயிடம், “நடமாடுங்கள் அம்மா, படுத்தே கிடக்காதீர்கள். சிறிது நேரத்திற்கொரு முறை எழுந்து நடந்துவிட்டு வந்து சுற்றுங்கள். என்ன ஆகிறதென்று அடுத்த வாரம் பார்ப்போம்” என்பார். அந்த ‘பார்ப்போம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் இருவரிடமும் அச்சொல் பிறப்பதில்லை.

(காலில் வலுக் குறைதல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை, காய்ச்சல், விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவை இருப்பின் இப்பேச்சிற்கு இடமில்லை. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.)

அனுபவம் எவ்வாறு ஏமாற்றுகிறது?

“அனுபவத்தை இகழலாமா?” என்று வாசகர் கேட்கக்கூடும். இகழலாகாது. தசையின் இறுக்கத்தை விரல் நுனியால் உணர்வதும், நோயாளியின் முகக் குறிப்பிலிருந்து வலியை அறிவதும் நூலிலிருந்து வருவன அல்ல. அது கையறிவு. பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. ஆனால் ‘இச்சிகிச்சையால்தான் இவர் தேறினார்’ என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆற்றல் அக்கையறிவிற்கு மட்டும் இல்லை. அதற்குக் காரணங்கள் உள.

ஒன்று, திடீரென வரும் இடுப்பு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணியும் இயல்புடையது. அவ்வாரங்களில் எண்ணெய் நீவினாலும், கரண்ட் வைத்தாலும், உலக்கையை உருட்டினாலும், கடைசியாகச் செய்ததற்கே புகழ் சேரும். மற்றொன்று, குணம் பெற்றவர் வந்து நன்றி சொல்கிறார். குணம் பெறாதவர் வேறிடம் போய்விடுகிறார். மருத்துவரின் நினைவில் நன்றி சொன்னவர்களே நிறைந்திருப்பர். வேறொன்றும் உண்டு. நம் மக்கள் இயல்பாகவே பணிவுடையோர். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், வலி குறையாவிட்டாலும், “இப்பம் பரவாயில்ல சார்” என்றே சொல்வர். முகத்தை முறிக்கக் கூடாது என்னும் அந்த நல்லெண்ணம், மருத்துவர் கற்கக்கூடிய ஒரு பாடத்தை அவரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

இக்காரணங்களால்தான், ஒரே வகை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையும் மற்றப் பகுதியினருக்கு வேறொன்றும் தந்து ஒப்பிடும் முறை தோன்றியது. நோயாளிகள் தாமாகவே எந்த அளவு தேறுவர் என்பது இரு பகுதியிலும் ஒத்திருக்குமாதலால், எஞ்சும் வேறுபாடே சிகிச்சையின் பயனாகும்.

மின்கருவிகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நம் சிகிச்சை நிலையங்களில் மிகையொலிக் கருவி பெரிதும் பழக்கமானது. பசையைத் தடவி, சிறு முனையை வலியுள்ள இடத்தில் வட்டமாகத் தேய்ப்பார்களே, அதுதான். அதன் பயனை ஆராய்ந்த 35 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2001 இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அவற்றுள் 10 ஆய்வுகளே ஏற்கத்தக்க முறையில் நடத்தப்பட்டவை எனக் கண்டனர். அப்பத்தினுள்ளும், போலிச் சிகிச்சையைவிட உண்மைச் சிகிச்சை மேலானது எனக் காட்டியவை இரண்டே. கருவி எந்நோய்க்கும் பயன்படாது என்பது இதன் பொருளன்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லார்க்கும் வைப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே பொருள்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிழை மருத்துவரிடம் மட்டும் இல்லை. பயிற்சியை மட்டும் கற்பித்து அனுப்பினால், “கரண்ட் கூட வைக்காமல் காசு வாங்கிவிட்டார்” என்று முணுமுணுப்பவர் நாமே. பல சிற்றூர்களைச் சுற்றிவரும் இயன்முறை மருத்துவருக்கு ஆய்வேடுகளைப் படிக்க நேரம் ஏது? அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தனியார் நிலையத்தில் பணிபுரிபவர் எனில், வாங்கிய கருவியைச் சும்மா வைத்திருக்க உரிமையாளர் விரும்பமாட்டார். மெய்யறிவை நாடும் உள்ளம் இருந்தும் சூழ்நிலை அதனை நெருக்கிவிடுவது உண்டு.

சான்று சார்ந்த மருத்துவம்

ஆர்ச்சி காக்ரேன் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1972 இல் எழுதிய சிறு நூலொன்றில், நாம் செய்யும் சிகிச்சைகளுள் எத்தனை உண்மையில் பயன் தருகின்றன என்று சோதித்தறிய வேண்டும் என வற்புறுத்தினார். அக்குரல் வளர்ந்து, 1990களில் ‘சான்று சார்ந்த மருத்துவம்’ என்னும் பெயர் பெற்றது. 1999 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இயன்முறை மருத்துவர்கள் தம் துறை ஆய்வுகளைத் திரட்டி, ‘பெட்ரோ’ என்னும் தொகுப்பை யாவரும் கட்டணமின்றிக் காணும்படி அமைத்தனர்.

இதனைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டனர். ஆய்வு சொல்வதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவதே சான்று சார்ந்த மருத்துவம் எனக் கருதினர். அவ்வாறாயின் அது முதல் வகை உள்ளத்திற்குப் புதிய ஆடை உடுத்தியதாகவே முடியும். ஆசிரியர் இருந்த இடத்தில் ஆய்வேடு வந்து அமர்ந்துகொள்ளும், அவ்வளவே. இம்முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவரான டேவிட் சாக்கெட் 1996 இல் இதனைத் தெளிவாக்கினார். சிறந்த ஆய்வுச் சான்று, மருத்துவரின் கைத்தேர்ச்சி, நோயாளியின் விருப்பமும் வாழ்க்கை நிலையும் ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்பது அவர் கருத்து. முப்புரி நூலில் ஒரு புரி அறுந்தாலும் பாரம் தாங்காது.

தமிழ் மண் தந்த பாடம்

இஃது ஏதோ மேல்நாட்டார் கண்டு நமக்கு அனுப்பிய சரக்கு என்று எண்ண வேண்டா. நம் மாநிலத்திலேயே, இப்பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, இத்தகைய உள்ளம் அரும்பணி ஆற்றியிருக்கிறது.

கொல்லிமலையில் 1914 இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் தொழுநோயாளரின் விரல்கள் மடங்கி, பின் குறைந்துபோவதைக் கண்டோர், அந்நோயில் தசையே கெட்டு அழுகுகிறது, ஆதலின் ஒன்றும் செய்வதற்கில்லை என்று நம்பினர். பாமர மக்கள் மட்டுமல்லர், மருத்துவர்களும் அவ்வாறே நம்பினர். நூலும் மரபும் சொன்ன ‘முற்றுப்பெற்ற அறிவு’ அது.

1947 இல் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்திற்குச் சென்ற பிராண்ட், மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். அக்கை அவர் கையை வலிக்குமாறு இறுக்கிப் பிடித்தது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் இத்தனை வலிமையா? அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிற்று ஆராய்ச்சி. பல நோயாளிகளின் கைகளில் தசைக்குத் தசை வலிமையைச் சோதித்துக் குறித்தனர். சில தசைகள் முறையாகச் செயலிழப்பதும், வேறு சில எப்போதும் நலமாகவே இருப்பதும் தெரியவந்தது. அப்படியானால் நலமான தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தலாம் அல்லவா? 1948 முதல் அத்தகைய அறுவைகள் செய்யப்பட்டன.

இங்கேதான் இயன்முறை மருத்துவத்தின் பங்கு விளங்குகிறது. நாணை இடம் மாற்றுவது அறுவை மருத்துவரின் கை. ஆனால் ஒரு விரலை மடக்கிப் பழகிய தசையை வேறு வேலை செய்யப் பழக்குவது, நாள்தோறும் நோயாளியோடு அமர்ந்து பயிற்றுபவரின் பொறுமை. அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து குறிக்காவிடில், செய்தது பயன்பட்டதா என்பதை எவரும் அறிந்திருக்க இயலாது.

விரல்கள் ஏன் குறைகின்றன என்னும் கேள்வியும் அவ்வாறே ஆராயப்பட்டது. புண் ஒவ்வொன்றும் எவ்வாறு வந்தது என்று தேடினர். சூடான பாத்திரம், துருப்பிடித்த சாவி, கூரிய கருவி என்று வலி உணராத கையில் நேர்ந்த காயங்களே காரணமாயின. இரவில் விரல் காணாமற்போனவர்களைக் காத்திருந்து கவனித்தபோது, எலிகள் வந்து கடித்துச் சென்றதைக் கண்டனர். பூனை வளர்ப்பது ஒரு சிகிச்சையாயிற்று! தசை அழுகுகிறது என்ற நம்பிக்கையை ஐயமின்றி ஏற்றிருந்தால், ஆயிரமாயிரம் கைகள் காக்கப்படாமலே போயிருக்கும்.

அதே கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954 இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பிற்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963 இல் வேலூரில் தொடங்கிய அத்துறையின் தலைவரானார். 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பது நூலறிவாக மட்டும் அவரிடம் இருக்கவில்லை. நோயாளி அறிந்ததும் அறிவே என்பதற்கு அவர் வாழ்க்கையினும் சிறந்த விளக்கம் வேண்டுமா?

நம்பிக்கை பொய்த்தபோது

மெய்யறிவை நாடுவோருக்குக் கடுஞ்சோதனை, தாம் நேசித்த கருத்தே பொய்க்கும்போது வருகிறது. பக்கவாதத்தைப் பற்றிய இரு பேராய்வுகள் இதற்குச் சான்று பகரும்.

பக்கவாதம் வந்தவரை எவ்வளவு விரைவாக எழுப்புகிறோமோ, எவ்வளவு மிகுதியாகப் பயிற்சி தருகிறோமோ, அவ்வளவு நன்மை என்ற கருத்து இயன்முறை மருத்துவர் பலரிடம் வேரூன்றியிருந்தது. ஜூலி பெர்ன்ஹார்ட் என்னும் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவரின் தலைமையில், ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2015 இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்திற்குள் எழுப்பி மிகுதியாகப் பயிற்சி பெற்றவர்களுள் 46 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 50 விழுக்காட்டினரும் மூன்று மாதத்தில் நன்னிலை அடைந்திருந்தனர். மிகுதியாகச் செய்தது நன்மை தரவில்லை. சற்றே தீங்காயிற்று. அவ்வாய்வினர் இதனை மறைக்கவில்லை. மேலும் ஆராய்ந்து, முதல் நாட்களில் சிறிது சிறிதாக, பலமுறை எழுப்புவது நல்லது எனத் தோன்றுகிறது என்று அடுத்த ஆண்டில் எழுதினர்.

மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. நம் குடும்பங்களை நேரே தொடுவது. இந்தியாவில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் போதாது. ஆனால் நோயாளியைக் கைவிடாத குடும்பங்கள் உண்டு. அக்குடும்பத்தாருக்கே பயிற்சி தந்து, வீட்டில் அவர்களே மறுவாழ்வுச் சிகிச்சை அளித்தால் என்ன? கேட்பதற்கே இனிய கருத்து. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் முதலியோர் முன்னின்று, நாடெங்கும் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். 2017 இல் வெளிவந்த முடிவு யாது? ஆறு மாதத்திற்குப் பின், இறந்தவரும் பிறர் துணையின்றி வாழ இயலாதவரும் சேர்ந்து, குடும்பத்தார் பயிற்சி பெற்ற பகுதியிலும் 47 விழுக்காடு. பெறாத பகுதியிலும் 47 விழுக்காடு.

இம்முடிவை மூவகை உள்ளங்களும் எவ்வாறு ஏற்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல்வர், “ஆய்வு சொல்லிவிட்டது, குடும்பத்தாருக்குக் கற்பிப்பது வீண்” என்று நிறுத்திவிடுவார். இரண்டாமவர், “எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மனைவியே பயிற்சி கொடுத்துக் கணவரை நடக்க வைத்தார், ஆய்வாவது ஒன்றாவது” என்று தள்ளிவிடுவார். மூன்றாமவர் மட்டும், “ஆய்வு எதனைச் சோதித்தது?” என்று கேட்பார். வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாரின் பயிற்சியைச் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை என்பதே அது காட்டியது. குடும்பத்தின் அன்பும் பணிவிடையும் பயனற்றவை என்று அது கூறவில்லை. தேர்ந்த கைகளின் வேலையைக் குடும்பத்தின் தலையில் சுமத்திவிட்டு அரசும் மருத்துவமனையும் ஓய்ந்திருக்கலாகாது என்னும் எச்சரிக்கையை அதிலிருந்து நாம் பெறலாம். தந்தை எழுந்து நடக்கவில்லையே, நாம்தான் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லையோ என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கும் மகளுக்கு, இவ்வாய்வு ஓர் ஆறுதலும் ஆகும். அந்தப் பழியைச் சுமக்க வேண்டியவள் அவளல்லள்.

குடும்பங்கள் செய்யத்தக்கன

இனி, நம் இல்லங்களில் என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். “இது எதற்காக ஐயா? எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் என்ன செய்வோம்?” இக்கேள்விகள் அவமதிப்பல்ல. மெய்யறிவை நாடும் மருத்துவர் இவற்றை விரும்புவார். சினங்கொள்பவர் தம் உள்ளம் எவ்வகையது என்று தாமே காட்டிவிடுகிறார்.

நோயாளிக்கு எது வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். ஒருவருக்குக் கோயிற் படியேற வேண்டும். ஒருவருக்குத் தாமே கழிப்பறைக்குச் செல்ல வேண்டும். பீடி சுற்றும் கைக்கோ இலையைப் பிடித்துச் சுருட்ட வேண்டும். பயிற்சி அந்த இலக்கை நோக்கியதாக அமையட்டும்.

பள்ளிப் பிள்ளையின் பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து, வாரந்தோறும் எழுதி வையுங்கள். துணையின்றி எத்தனை அடி நடந்தார், சோற்றைத் தாமே உண்டாரா, இரவில் வலியால் விழித்தாரா என்பன போதும். “பரவாயில்லை” என்ற சொல்லைவிட அக்குறிப்பேடு மருத்துவருக்குப் பன்மடங்கு பயன்படும். குணமில்லை எனில் இல்லை என்றே சொல்லுங்கள். சொல்லாமல் வேறிடம் ஓடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பற்றி இழுக்காதீர்கள். தோள் மூட்டு கெட்டு, தீரா வலி உண்டாகும். எண்ணெய் நீவுவது இதமாக இருந்தால் மென்மையாக நீவலாம். ஆனால் அதனை நம்பிப் பயிற்சியைக் கைவிடுவதும், புறாவைத் தேடியலைந்து முதல் வாரங்களை இழப்பதும் பேரிழப்பு.

இயன்முறை மருத்துவம் பயிலும் இளைஞர் பலர் இன்று நம் குடும்பங்களில் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆசிரியரை மதியுங்கள், ஆனால் அவர் எப்படி அறிந்தார் என்றும் கேளுங்கள். உங்கள் கைகளை நம்புங்கள், ஆனால் அவற்றிற்கும் சோதனை வையுங்கள். குணம்பெறாமல் போனவரைத் தேடிச் சென்று காரணம் கேளுங்கள். உங்களுக்குக் கற்பிக்க அவரிடம்தான் மிகுதியாக உண்டு.

சான்று கேட்பது விசுவாசத்திற்கு மாறானதோ என்று ஐயுறுவோர் சீராக்கின் ஞானநூல் 38 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார்க்க. செபத்தையும் மருத்துவரையும் அந்நூல் எதிரெதிரே நிறுத்தவில்லை. இரண்டிற்கும் உரிய இடத்தை அளிக்கிறது. மருத்துவரின் அறிவையும் இறைவன் தந்த கொடையாகவே அது காண்கிறது. கொடை எதுவாயினும் அதனைச் சோம்பலின்றிப் பேணுதல் நம் கடன். அறிவைப் பேணுவதென்பது அதனை ஓயாது சோதித்துச் செப்பம் செய்வதே.

கையறிவு இன்றி மெய்யறிவு முடம். மெய்யறிவு இன்றிக் கையறிவு குருடு. இரண்டும் கூடிய மருத்துவரும், உண்மையை உள்ளபடி உரைக்கும் குடும்பமும் ஒரே கட்டிலருகே நின்றால், அக்கட்டிலில் கிடப்பவர்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.